நீ மஞ்சள் பூசிய இடத்தில் நான் குடியிருக்கிறேன்

மகன்,

கூட்டம் முடிந்து மூன்று கிழமையாகிறது. இந்த மூன்று கிழமையில் நீ எனக்கு அனுப்பியது ஒரேயொரு குறுஞ்செய்தி. "அம்மா, என்ரை ஒஃபிஸ் ஆக்களுக்கு முன்னாலை ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? ஐ கான்ட் ஈவன் லுக் அட் தெம் நவ்." சமையலறையில் நின்றபடியே அதை நாலைந்து தரம் வாசித்தேன். போனில் எழுதி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் கடதாசி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக, நேரமெடுத்து வாசி. எழுதி முடித்ததும் இதன் ஒரு பிரதியை இங்கே வருகிற தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. இப்படி ஒரு தாயும் மகனும் இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்துத் திறந்திருந்தால், ஓம், ஒரு விஷயத்துக்கு மன்னிப்பு இருக்கிறது. ஆனால் நீ எதிர்பார்க்கிற விஷயத்துக்கு இல்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தீர்கள். கணவாய்க் கறி வைத்திருந்தேன். நீ இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டபோது, ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொன்னாய்.

"அம்மா, உங்கடை இடத்துக்கு ஒரு பிளான் வந்திருக்கு. இந்த டவுன்ஹவுஸ் வரிசை எல்லாத்தையும் எடுத்துப்போட்டு நாலு பில்டிங் கட்டப் போகினம். எங்கடை கொம்பனிதான் வரையுது. நானும் அதிலை வேலை செய்யிறன்."

"எடுத்துப்போட்டு எண்டால்? இடிச்சுப்போட்டோ?"

"ஓம், இடிச்சுப்போட்டுத்தான். ஆனா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் எங்களோடை ஏஜாக்ஸ் வீட்டுக்கு வாங்கோ. பேஸ்மென்ற் முழுக்க உங்களுக்கு. வாசல் வேற, பாத்ரூம் வேற."

"மற்ற ஆக்கள்?"

"கட்டி முடிய அவை திரும்பி வரலாம் அம்மா. அதுக்கு ரூல் இருக்கு."

"எத்தினை வருஷத்திலை?"

நீ கறிச்சட்டியைக் கிட்ட இழுத்தாய். மருமகள்தான் மெதுவாக, "மாமி, எங்களுக்கும் நீங்கள் கிட்ட இருந்தால் நல்லம்" என்றாள். அவள் மனதாரச் சொன்னாள், அதை நான் ஒருநாளும் தவறாக எடுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அன்ரியை ஏஜாக்ஸ் பேஸ்மென்றுக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? மன்னாரிலிருந்து வந்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள். அவளுக்கு மகன் இருந்தும் எங்கேயோ தொலைவில் கல்கரியில் இருக்கிறான். அந்தப் பக்கத்து வீட்டில் ஜமேக்காக்காரப் பெண் ஐந்து வீட்டுப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். அவள் எங்கே போவாள், அந்த ஐந்து தாய்மாரும் எப்படி வேலைக்குப் போவார்கள்? இவற்றை அன்று நான் உன்னிடம் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

நீ நகரத் திட்டமிடல் படித்தவன். ரொறன்ரோவைப் பற்றி எனக்குச் சொல்லித்தரும் அளவுக்குப் படித்திருக்கிறாய். ஆனால் நானும் இந்த நகரத்தைப் படித்திருக்கிறேன் மகன். பஸ் கண்ணாடி வழியாகப் படித்தேன். நானும் அப்பாவும் முதலில் இருந்தது நகரத்தின் மேற்கு ஓரத்தில், ரெக்ஸ்டேலில், ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் பேஸ்மென்றில். நிலத்தோடு ஒட்டின சின்ன யன்னல். அதற்கு வெளியே ஆட்களின் சப்பாத்து மட்டும் தெரியும். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது கோப்பைகள் கிலுங்கும். அங்கே பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில்தான் எனக்கு முதல் வேலை. பிறகு அப்பாவுக்கு இந்தக் கிழக்குப் பக்கத்தில், கார்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை கிடைத்து வெக்ஸ்போர்டுக்கு வந்தோம். நீ பிறந்தது அங்கே ஒரு அப்பாட்மென்டில் இருந்தபோதுதான். கீழே அரபுக்காரரின் இறைச்சிக் கடை, பக்கத்தில் கிரேக்கரின் பேக்கரி, அதற்குப் பக்கத்தில் கார் திருத்துகிற ஒரு தமிழ் அண்ணை. உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனால் மூன்று பாஷையில் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நீ நடக்கத் தொடங்கின பிறகு ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில் இந்த வீடு வாடகைக்குக் கிடைத்தது. மாடிப்படியுள்ள வீடு. பின்னால் கத்தரி வைக்க ஒரு துண்டு மண். அப்பா வெறுங்காலோடு அந்த மண்ணில் போய் நின்றதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என் வேலை ரெக்ஸ்டேலிலேயே இருந்தது. நிரந்தரமாக்கியிருந்தார்கள், விட மனமில்லை. அதனால் பதினைந்து வருஷம் ஃபின்ச் வீதியால் போய் வந்தேன். கிழக்கில் ஒரு பஸ், நடுவில் இறங்கி, மேற்கில் இன்னொரு பஸ். இந்த நகரத்தின் அகலம் முழுவதையும் ஒரே வீதியில், போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். மல்வேர்னில் ஏறுகிறவர்களின் முகம் எனக்குப் பாடம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள், களஞ்சியங்களில் பெட்டி தூக்குகிற எங்கள் பெடியள், அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வீடு திரும்புகிற ஆட்கள். களஞ்சியங்கள் கழிய சீனக் கடைத்தொகுதிகள் வரும். நகரத்தின் நடுவில் யங் வீதிக்குக் கிட்டப் போக கண்ணாடிக் கொண்டோ மாடிகள் எழும்பும். அந்த இடத்தில் சூட் போட்டவர்கள் இறங்கிச் சப்வேக்குள் போய்விடுவார்கள். அதற்கு மேற்கே, மின்கம்பிக் கோபுரங்களைத் தாண்டினால், திரும்பவும் எங்களைப்போல ஆட்கள்தான் ஏறுவார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த நகரத்தில் நடுவில் இருப்பவர்கள் சுகமாக எழும்புவதற்காக இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் முந்தி எழும்புகிறார்கள் என்று. உன் பல்கலைக்கழகத்தில் இதற்கு வேறு சொற்கள் இருக்கும். விஷயம் இதுதான்.

இப்போது நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நீ எட்டாம் வகுப்பு முடிக்கிற நேரம். ரீவியில் மல்வேர்ன் என்ற பெயர் வந்தால் ஏதாவது துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தோடுதான் வரும். தொழிற்சாலையில் ஒருத்தி, "அங்கை எப்பிடி இருக்கிறியள், பயமில்லையோ?" என்று கேட்டாள். கலியாண வீடுகளில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நானே, "ஸ்காபரோவிலை, மார்க்கத்துக்குக் கிட்ட" என்று, பக்கத்திலிருக்கும் வசதியான ஊரின் பெயரைச் சேர்த்து இழுக்கத் தொடங்கியிருந்தேன். பிறகு ஒருநாள் என் ஒன்றுவிட்ட அக்காவின் மார்க்கம் விலாசத்தைக் கொடுத்து உன்னை அங்கத்தை உயர்பள்ளியில் சேர்த்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீர் பிள்ளைக்குப் படிப்புக் குடுக்கிறீரோ, பொய் பழக்கிறீரோ?" என்று கேட்டார்.

"உங்களுக்கு விளங்காது. இந்த விலாசத்தோடை இவன் எங்கை போனாலும் ஒரு மாதிரித்தான் பாப்பினம்."

"எங்கடை விலாசத்துக்கு என்ன குறை? நான் மாதம் மாதம் வாடகை கட்டிற வீடு."

அப்பா சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டில் வாயால் வென்றது எப்போதும் நான்தான். அந்த வெற்றிகளில் சில எனக்கு இப்போது வேண்டாம்.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் நீ வழக்கத்தைவிட வெகு நேரம் பிந்தி வந்தாய். சப்பாத்துக்குள் பனி உருகித் தண்ணீராய் நின்றது. காலுறையைக் கழற்றும்போது விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. சூடாக்கின துவாயால் உன் காலைச் சுற்றியபடி என்ன நடந்தது என்று கேட்டேன். சிநேகிதன் ஒருவனின் தாய் உன்னை வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று காரில் ஏற்றியிருக்கிறாள். நீ மார்க்கத்தில் ஏதோ ஒரு பெரிய வீட்டைக் காட்டி, இதுதான் எங்கள் வீடு என்று சொல்லி இறங்கியிருக்கிறாய். அவள் கார் திரும்பி மறையும்வரை அந்த வீட்டு வாசலில், பைக்குள் கதவுத் திறப்பைத் தேடுவதுபோல நின்றிருக்கிறாய். பிறகு அங்கிருந்து மல்வேர்னுக்கு நடந்து வந்திருக்கிறாய். பஸ் அட்டை பையில் இருந்தது. வழியில் யாராவது பஸ்ஸுக்குள் கண்டுவிடுவார்களோ என்று ஏறவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. உன் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்" என்று சொன்னேன். பதினாலு வயதுப் பிள்ளை தன் வீட்டை ஒளித்துவிட்டுப் பனிக்குள்ளால் நடந்து வருகிறான். பெற்றவள் அவனைக் கெட்டிக்காரன் என்கிறாள். அப்பா அந்த நேரம் படியில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி மேலே போனார். மகன், நான் மன்னிப்புக் கேட்பது அதற்குத்தான். அந்த ஒரு சொல்லுக்கு. உன்னை அடுத்த நாளே இங்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிநேகிதன் வீட்டுக்குப் போய், "நாங்கள் மல்வேர்னிலை இருக்கிறம், நாளைக்குச் சாப்பிட வாங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

இனி, திட்டத்தை எங்களுக்குக் காட்ட நகரசபை வைத்த கூட்டத்துக்கு வருகிறேன். "நீங்கள் வரத் தேவையில்லை அம்மா, எல்லாம் இங்கிலிஷிலைதான் நடக்கும்" என்று நீ சொன்னாய். பதினைந்து வருஷம் இங்கிலிஷில் அதட்டுகிற சூப்பர்வைசருக்குக் கீழே வேலை செய்தவளுக்கு இங்கிலிஷைக் காட்டி ஏன் பயமுறுத்துகிறாய்? ஜெசிந்தாவும் நானும் வந்தோம். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோப்பி, பிஸ்கட். முன்னால் பெரிய பலகையில் எங்கள் இடத்தின் படம். ஆறு நீலம், பூங்கா பச்சை, கடைகள் சிவப்பு. எங்கள் வீடுகள் இருக்கிற இடம் முழுக்க வெளிறிய மஞ்சள். அந்த மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் இங்கிலிஷில் எழுதியிருந்தது. ஜெசிந்தா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உது சரியாப் பாவிக்காத நிலமாம்."

"எது?"

"நாங்கள்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெசிந்தாவின் அடுப்பில் செய்த ரோல்ஸ் சாப்பிடாத கலியாண வீடு ஸ்காபரோவில் குறைவு. பின்வரிசை வீட்டில் ஒரு சோமாலி அங்கிள் அயலிலுள்ள எல்லாருடைய வரிப் படிவத்தையும் சும்மா நிரப்பிக் கொடுக்கிறார். உன் அப்பா நோயில் கிடந்த எட்டு மாதமும் எங்கள் வாசல் பனியை நான் ஒருநாளும் அள்ளவில்லை. யார் அள்ளினார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, காலையில் பார்த்தால் அள்ளியிருக்கும். இதைவிட ஒரு நிலத்தை எப்படி மகன் பாவிப்பது?

கோப்பி எடுக்கலாம் என்று பலகைக்குப் பின்னால் போனேன். நீ மறுபக்கத்தில் நின்றாய். உன் மேலதிகாரி உன் தோளில் கை வைத்து இங்கிலிஷில் கேட்டார், நீ இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே என்று. அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார், அது குரலிலேயே தெரிந்தது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லை. மார்க்கம்" என்றாய்.

கோபம் வந்திருக்கும் என்று நினைப்பாய். முதலில் வந்தது பயம். ஏனென்றால் பேசினது நீ இல்லை, நான். கலியாண வீடுகளில் இழுத்து இழுத்துச் சொன்ன என் குரல் உன் வாயிலிருந்து சுத்தமாக, தடங்கலில்லாமல் வந்தது. கோப்பியை அப்படியே மேசையில் வைத்தேன். இதை இன்றைக்கு நிறுத்தாவிட்டால் உன் பிள்ளையும் ஒருநாள் ஒரு வீட்டைக் காட்டிவிட்டு இறங்கி நடக்கும் என்று நினைத்தேன். கேள்வி கேட்கிற நேரம் வந்ததும் போய் மைக்குக்கு முன்னால் வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் நீ கையிலிருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினாய்.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக இங்கே இருக்கிறேன், என் புருஷன் இந்த வீட்டில்தான் செத்தார், திரும்பி வரலாம் என்று சொல்கிறீர்கள், அதுவரைக்கும் எங்கே இருப்பது, அந்த நேரம் எங்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்போம், இதற்குப் பதில் வேண்டும் என்றேன். நகரசபைப் பெண் ஏதோ குறித்துக்கொண்டாள். உன் மேலதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார். மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அதோடு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் நான் உன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"மகன், உந்த மஞ்சளுக்கை எங்கடை வீடு எது எண்டு ஒருக்கால் காட்டு."

மண்டபத்தில் தமிழ் தெரிந்த எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். நீ மைக் இல்லாமல், சின்னக் குரலில், "அம்மா, இப்ப வேண்டாம்" என்றாய். அம்மா என்ற சொல் எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும். உன் மேலதிகாரியின் முகம் மாறியது. நீ தலை நிமிரவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன். கடைசியில் நீ எழும்பிப் பலகைக்குப் போய், விரலை வைத்தாய். சரியான இடத்தில் வைத்தாய். மூன்றாம் வரிசை, கடைசிக்கு முதல் வீடு. "தாங்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்து என் கதிரையில் இருந்தேன்.

உன்னை அந்தத் திட்டத்திலிருந்து வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மருமகள் சொன்னாள். சொந்தத் தாய் குடியிருக்கும் இடம் என்பதை நீ முதலே சொல்லியிருக்க வேண்டும் என்றார்களாம். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உனக்கு அது நொந்திருக்கும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வெட்கம் இல்லை. நாளைக்கே இன்னொரு கூட்டம் வைத்தாலும் அதே மைக்கில் போய் நிற்பேன், அதையே கேட்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அடுத்த நாளே நானும் ஜெசிந்தாவும் கதவு கதவாகத் தட்டினோம். சில வீடுகளில் திறக்கவில்லை. சில வீடுகளில், "உங்கடை மகன்தானே உதைச் செய்யிறவர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். "ஓம், என்ரை மகன்தான். அதுதான் நான் வந்திருக்கிறன்" என்றேன். இரண்டு கிழமையில் மூன்று வரிசையும் கையெழுத்து வைத்தது. எங்களை வீட்டை விட்டு ஒரேயடியாக எழுப்பாதீர்கள், வீதிக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடக்கிற கடைத்தொகுதியின் வெறும் பார்க்கிங்கில் முதலில் கட்டுங்கள், அது முடிந்ததும் நாங்கள் வீதியைக் கடந்து அங்கே போகிறோம், அதன் பிறகு எங்கள் வீடுகளைத் தொடுங்கள் என்று எழுதினோம். பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நிலத்தோடு வாசல் வேண்டும் என்றும் எழுதினோம். போன வியாழக்கிழமை கட்டுகிறவர்களிடமிருந்து பதில் வந்தது. முதல் கட்டடம் பார்க்கிங்கில் வருகிறது. அதுவரைக்கும் யாரும் எழும்பத் தேவையில்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். நிலத்தோடு வாசலுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கும்வரை கேட்போம். எங்களில் வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர்கள் அதிகம், நேரம் நிறையவே இருக்கிறது.

ஆகவே நான் ஏஜாக்ஸுக்கு வரவில்லை. மருமகள் வயிற்றிலிருக்கிற பேரப்பிள்ளை பிறந்ததும் வருவேன், பத்தியம் காய்ச்சித் தருவேன், திரும்பி வந்துவிடுவேன். வயது போகிறது, முழங்கால் நோகிறது, தனியாக இருக்கிறீர்கள் என்பாய். முழங்கால் ஏஜாக்ஸிலும் நோகும். தனியாக நான் இல்லை. உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இனி நீ எந்த ஊருக்குப் படம் வரைந்தாலும், நிறம் பூச முதல் அந்த ஊர் பஸ்ஸில் ஏறு. ஒருநாள் போதாது, ஒரு கிழமை போய் வா. யார் எங்கே ஏறுகிறார்கள், கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்று பார். உனக்கு அது வரும். அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னாலும் எங்கள் வீட்டைச் சரியாகத் தொட்டவன் நீ.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா வீட்டில் கூடுகிறோம். மேசையில் வெள்ளைக் கடதாசி விரித்து எங்கள் இடத்தின் படத்தை நாங்களே வரைகிறோம். ஒவ்வொரு வீடாக, அதற்குள் இருக்கிறவர்களின் பெயரோடு, அவர்கள் செய்கிற வேலையோடு. அதைத்தான் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம். ஆனால் எங்களில் ஒருவருக்கும் அளவு பிடிபடவில்லை. ஜெசிந்தா வரைந்ததில் அவளுடைய வீடு பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. பிழை என்று சொன்னால், "இருக்கட்டும் அக்கா" என்கிறாள். படம் வரையப் படித்த ஒருவர் வந்தால் உதவியாக இருக்கும். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. நீ வந்தால் அளவு சரிவரும். வராவிட்டால் அவளுடைய வீடு பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாகவே இருக்கும். அதை அப்படியே கொண்டுபோய் அவர்களுடைய பலகைக்கு மேல் ஒட்டுவோம்.

அம்மா